மாடத்தி போட்ட கரண்டு

ஹாஸ்டலைக் காலி செய்யச் சொன்ன அன்று மாடத்தியிடம் இரண்டு பைகள் இருந்தன. போவதற்கு இடம் இல்லை. ஊருக்குப் போகலாம்தான். சங்கரன்கோவிலுக்குப் பக்கத்தில் அண்ணன் வீடு இருக்கிறது. ஆனால் அங்கே மனைவியை இழந்த ஒரு ரைஸ்மில்காரருக்கு அவளைப் பேசி வைத்திருந்தார்கள். போனால் திரும்பி வர முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

பத்தொன்பது வயதில் ஸ்ரீபெரும்புதூருக்கு வந்தவள். போன் சார்ஜர் செய்யும் கம்பெனியில் டெஸ்டிங் வேலை. லைனில் வரும் சார்ஜரை எடுத்து ஒரு பெட்டியில் செருக வேண்டும். பச்சை விளக்கு எரிந்தால் வலது பக்கத் தட்டு, சிவப்பு எரிந்தால் இடது பக்கத் தட்டு. ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் அதேதான். லட்சக்கணக்கான சார்ஜர்கள் அவள் கை வழியாகப் போயிருக்கும். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒன்றைக்கூட அவள் பிரித்துப் பார்த்ததில்லை. பிரித்தால் வேலை போய்விடும். கடைசியில் பிரிக்காமலே போனது. கம்பெனி அந்த லைனை வேறு மாநிலத்துக்கு மாற்றிவிட்டது. காண்ட்ராக்ட் ஆட்களை அந்த மாதத்தோடு அனுப்பினார்கள். வேலை இல்லாதவர்களுக்கு ஹாஸ்டலும் இல்லை.

ஹாஸ்டல் வாசலில் பைகளோடு நின்றவளை ஜாஸ்மின் பார்த்தாள். ஜாஸ்மின் அந்த ஹாஸ்டலின் சமையல்காரி. வடக்குப்பட்டுக்காரி. மாடத்தியைவிடப் பத்து வயது மூத்தவள். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் பெண்களுக்கு இட்லி ஆறிவிடக் கூடாது என்று தனியாக ஒரு குண்டானில் மூடி வைப்பாள். அவர்களுக்குள் இருந்த பழக்கம் அவ்வளவுதான்.

"இன்னாடி, பைய வச்சிக்கினு நிக்கிற?"

"எங்க போவணும்னு தெரியலக்கா."

ஜாஸ்மின் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "எங்க வூட்டுக்கு வா. கரண்டு கெடையாது. ஆனா எடம் கீது."

கரண்டு கிடையாது என்றால் அடிக்கடி கட் ஆகும் போலிருக்கிறது என்று மாடத்தி நினைத்துக்கொண்டாள். போய்ப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அந்த வீட்டில் மீட்டர் பெட்டியே இல்லை.

வடக்குப்பட்டுக்கு வெளியே, வயலாக இருந்த நிலத்தில் ஷீட் போட்ட இரண்டு அறைகள். ஜாஸ்மினின் கணவர் சாம்சன் கட்டியது. நிலம் அவருடைய அப்பா காலத்துச் சொத்து. சித்தப்பாக்களோடு கோர்ட்டில் வழக்கு நடக்கிறது. தீர்ப்பு வரும்வரை சாம்சன் பெயரில் எந்தக் காகிதமும் கிடையாது. காகிதம் இல்லாமல் மின் இணைப்பு கேட்க முடியாது. வேடிக்கை என்னவென்றால், சாலைக்கு அந்தப் பக்கம் கம்பெனிகளின் விளக்குகள் வானத்தையே வெளுக்க வைத்துக்கொண்டிருந்தன. வாசலில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கலாம். வீட்டுக்குள் போனால் நீட்டிய கை தெரியாது.

சாம்சன் ஒரு கார் கம்பெனியில் பெயின்ட் ஷாப்பில் இருந்தார். தினமும் அவருடைய பையில் சாப்பாட்டு டப்பாவோடு இரண்டு சார்ஜ் விளக்குகளும் வீட்டிலுள்ள எல்லா போன்களும் போகும். கேண்டீனில் ஒரு மூலையில் சார்ஜ் போட்டுத் திருப்பிக் கொண்டு வருவார். "இன்னா சாம்சன், கம்பெனி கரண்ட டிபன் பாக்ஸ்ல கட்டி எடுத்துனு போறியா?" என்று செக்யூரிட்டி கிண்டல் செய்வதை அவரே வந்து சொல்லிச் சிரிப்பார். அவர்களுடைய மகள் ஷாரோன் பத்தாம் வகுப்பு. ஒரு விளக்கு அவள் புத்தகத்துக்கு, இன்னொன்று அடுப்படிக்கு. மாடத்தி வந்த பிறகு அவள் போனும் சாம்சனின் பையில் ஏறியது.

மாடத்திக்கு ஒரு கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங் வேலை கிடைத்தது. முதல் சம்பளம் வந்ததும் ஏதாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று ஜாஸ்மினிடம் நீட்டினாள். ஜாஸ்மின் வாங்கவில்லை. "நீ இன்னா லாட்ஜ்லயா தங்கிக்கினுகீற?" என்று கேட்டுவிட்டு வெங்காயம் உரிக்கப் போய்விட்டாள். பதிலுக்கு என்ன செய்வது என்று மாடத்திக்குத் தெரியவில்லை. அந்த யோசனையோடுதான் தினமும் பஸ்ஸில் போய் வந்தாள்.

ஒரகடம் மேம்பாலத்துக்கு அடியில் சாமி பொம்மை செய்து விற்கும் குடும்பம் ஒன்று கூடாரம் போட்டிருந்தது. பஸ்ஸுக்கு நின்ற ஒரு நாள், அந்தக் கூடாரத்தின் மேல் ஒரு சின்ன சோலார் பேனலையும் உள்ளே சுற்றும் ஒரு குட்டி ஃபேனையும் மாடத்தி பார்த்தாள். ஃபேனுக்குக் கீழே ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அவள் ஏற வேண்டிய பஸ் வந்து போய்விட்டது. கூடாரத்துக்குள் எட்டிப் பார்த்தாள். அந்தக் குழந்தையின் தாய்க்குத் தமிழ் சரியாக வராது. ஆனாலும் முகம் சுளிக்காமல், கையைப் பிடித்து இழுத்துப் போய்க் காட்டினாள். மேலே பேனல், அதிலிருந்து வரும் ஒயர், கீழே ஒரு பழைய பேட்டரி, அதிலிருந்து ஃபேன். "பஸ்!" என்று இரண்டு கைகளையும் விரித்துச் சிரித்தாள். அவள் பாஷையில் 'அவ்வளவுதான்' என்று அர்த்தம்.

அந்த மாதமே மாடத்தி ஒரு பேனல் வாங்கினாள். பழைய கார் பேட்டரி ஒன்று காயலான் கடையில் கிடைத்தது. ஒயர், மூன்று பல்புகள். வீடியோ பார்த்துப் பார்த்து இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் மாட்டி முடித்தாள். முதல் பல்பு எரிந்ததும் ஜாஸ்மின் சுவிட்சைப் போட்டாள், அணைத்தாள், மறுபடி போட்டாள். ஷாரோன் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை ஓடினாள். சாம்சன் தன் பையிலிருந்த சார்ஜ் விளக்குகளை எடுத்து அலமாரிக்கு மேலே வைத்தார். "நாளைக்கு செக்யூரிட்டி இன்னாத்த சொல்லிக் கிண்டல் பண்ணுவான்னு தெர்லயே" என்றார். அடுத்து ஒரு ஃபேன் வந்தது. ஷீட் வீட்டில் அதுவரை யாரும் முழுத் தூக்கம் தூங்கியதில்லை.

அத்தோடு மாடத்தி நிறுத்தியிருக்கலாம். கிறிஸ்துமஸ் வந்தது. அம்மியில் மசாலா அரைத்தே ஜாஸ்மினின் தோள்பட்டை போயிற்று என்று, ஒரு இன்வெர்ட்டரும் பழைய மிக்ஸியும் வாங்கி வந்தாள். பண்டிகைக்கு முந்தின நாள் காலையில் மிக்ஸியைப் போட்டார்கள். ஓடியது. ஜாஸ்மின் கைதட்டினாள். இரண்டாவது முறை போட்டபோது ஒரு கருகல் வாசனை வந்தது. பேட்டரியிலிருந்து வரும் ஒயர் உருகி, பக்கத்திலிருந்த திரைச்சீலையில் தீப் பிடித்தது. திரைச்சீலைக்கு மேலே கொடியில் பண்டிகைக்கு எடுத்த ஜாஸ்மினின் புதுப் புடவை தொங்கியது. சாம்சன் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு பேட்டரி கிளிப்பைப் பிடுங்கி எறிந்தார். ஷாரோன் குடத்துத் தண்ணீரைக் கொட்டினாள். சில நிமிஷங்களில் தீ அடங்கிவிட்டது. ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவர் கறுத்துப் போயிருந்தது. புடவையில் பார்டர் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஜாஸ்மின் வீட்டுக்குப் பின்னால் போய்விட்டாள். மாடத்தி தன் இரண்டு பைகளையும் எடுத்துத் துணிகளைத் திணிக்க ஆரம்பித்தாள். ஜிப் மாட்டவில்லை. ஜாஸ்மின் திரும்பி வந்து வாசற்படியில் நின்றாள்.

"எங்க கெளம்புற?"

"எக்கா, நான் ஒங்க வீட்டயே கொளுத்தப் பாத்துட்டேன். இனி எந்த மூஞ்சிய வச்சிட்டு இருப்பேன்?"

"எரிச்சது நீதான?"

"ஆமாக்கா."

"அப்ப நீயே சரி பண்ணு. பண்ணிட்டு அப்பால போறதப் பத்திப் பேசு." சொல்லிவிட்டு அம்மியைக் கழுவ ஆரம்பித்தாள்.

கிறிஸ்துமஸ் அன்று ஜாஸ்மின் பழைய புடவை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனாள்.

விடுமுறை முடிந்ததும் அந்தக் கருகிய ஒயரை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக்கொண்டு அவள் ஒரகடம் சாலையில் இருந்த ஒரு ஷெட்டுக்குப் போனாள். வெறும் வேனாக வருவதை ஆம்புலன்ஸ், ஸ்கூல் வேன், சாப்பாட்டு வண்டி என்று கேட்கிறபடி மாற்றிக் கொடுக்கும் இடம் அது. நடத்துபவர் ஹேமந்த் என்ற இளைஞர். மாடத்தியைவிடச் சின்னவர். யாரோ ஒரு பெண் கருகிய ஒயரை மேஜையில் வைத்து, "இது ஏன் எரிஞ்சதுன்னு சொல்லுங்க" என்று கேட்டதும் அவர் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"அக்கா, இந்த ஒயர்ல ட்யூப் லைட் எரியும். மிக்ஸி போட்டா ஒயரே எரியும்" என்றார். பிறகு உட்காரவைத்து விளக்கினார். வீட்டுக்கு வரும் மின்சாரத்தைவிடப் பேட்டரியில் வோல்டேஜ் ரொம்பக் குறைவு. குறைவாக இருப்பதால் அதே வேலையைச் செய்ய ஒயரில் பல மடங்கு கரண்டு ஓட வேண்டும். மெல்லிய ஒயர் தாங்காது. சூடாகும், உருகும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஒரு ஃபியூஸ் இருந்திருந்தால் அது முதலில் போயிருக்கும், தீயே பிடித்திருக்காது.

மாடத்தி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இங்க எனக்கு வேலை தருவீங்களா? பெருக்குத வேலைன்னாலும் சரி" என்றாள்.

பெருக்கும் வேலைக்குத்தான் சேர்ந்தாள். பெருக்குகிற இடத்தில் கிடந்த ஒயர்த் துண்டுகளை எடுத்து, மதிய இடைவேளையில் நுனியில் செம்பு முனையை வைத்து அழுத்திப் பழகினாள். அழுத்திய பிறகு உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். கழன்று வந்தால் அது தப்பு. முதலில் எல்லாமே கழன்று வந்தன. கொஞ்ச காலத்தில் ஒன்றும் கழலவில்லை. ஹேமந்த் துடைப்பத்தை வாங்கி வைத்துவிட்டு டூல்ஸைக் கையில் கொடுத்தார்.

ஷெட்டில் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஜாஸ்மின் வீட்டு மின்சார வேலையை மறுபடி முதலிலிருந்து செய்தாள்; அதுவரை ஒரு ஃபியூஸோடு பல்புகளும் ஃபேனும் மட்டும் ஓடின. விரல் தடிமனில் ஒயர். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். காயலான் கடை பேட்டரிக்குப் பதில் நல்ல லித்தியம் பேட்டரி. அதற்குக் காற்றோட்டமான தனி மரப்பெட்டி. எல்லாம் முடிந்ததும் மிக்ஸியைப் போடச் சொன்னாள். மிக்ஸி ஓடிய நேரம் முழுக்க ஒயர்மேல் உள்ளங்கையை வைத்து உட்கார்ந்திருந்தாள்.

"கைய எடுடி. மசாலா அரைஞ்சு எவ்ளோ நேரம் ஆச்சு!" என்றாள் ஜாஸ்மின். ஒயர் குளிர்ந்தே இருந்தது.

அதன் பிறகு வேலைகள் தானாக வந்தன. வல்லம் வடகால் சிப்காட் கேட்டில் நிற்கும் டிபன் வண்டிக்காரர் ஜெனரேட்டர் புகையால் ஆட்கள் வருவதில்லை என்று வந்தார். செங்கல் சூளைக் காவல் அறை, புறம்போக்கில் நின்ற ஆடு மேய்ப்பவரின் குடிசை, காலேஜ் பையன்கள் இரண்டு பேர் மலைக்குப் போக வாங்கிய பழைய வேன். ஹேமந்த் வண்டியின் உடம்பைப் பார்த்துக்கொள்வார், கரண்டு எல்லாம் மாடத்தி. தனியாக ஒரு அறை எடுத்துக்கொண்டு போனாள். ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு ஜாஸ்மின் வீட்டில்தான்.

ஒரு நாள் ஷெட்டுக்கு சங்கரநாராயணன் வந்தார். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர், தாம்பரத்தில் வீடு. கூட அவர் மனைவி கோமதி வந்திருந்தார், மூக்கில் மெல்லிய குழாயோடு. காரின் பின்சீட்டில் ஒரு சிறிய ஆக்ஸிஜன் சிலிண்டர் இருந்தது. கோமதியின் நுரையீரல் கெட்டுப் போயிருந்தது. வீட்டில் காற்றிலிருந்து ஆக்ஸிஜனைப் பிரித்துக் கொடுக்கும் இயந்திரம் ஒன்று எப்போதும் ஓட வேண்டும். அது கரண்டில் ஓடுவது. வெளியே போனால் சிலிண்டர். சிலிண்டர் தீர்வதற்குள் அடுத்த பிளக் பாயின்டுக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும்.

"எங்களுக்கு ஒரு வேன் வேணும். உள்ள கட்டில், சின்ன சமையல், அந்த மிஷின்" என்றார் சங்கரநாராயணன்.

"எங்கம்மா போவணும் ஒங்களுக்கு?" என்று மாடத்தி கோமதியிடம் கேட்டாள்.

கோமதியின் முகம் மலர்ந்தது. "நீ எந்த ஊரு பிள்ள?"

"சங்கரன்கோவில் பக்கம்மா."

"அதான பாத்தேன். எனக்கு இன்ன இடம்னு ஒண்ணும் இல்ல. நாலு வருஷமா எங்க போனாலும் கடியாரத்தப் பாத்துக்கிட்டே ஓடுதோம். ஒரு இடம் நல்லா இருக்குன்னு இவுகளுக்கும் தோணும், எனக்கும் தோணும். நிக்க முடியாது. நிக்கணும்னு தோணுத இடத்துல நிக்கணும். அம்புட்டுதான்." இதைச் சொல்லி முடிக்க அவர் நடுவில் இரண்டு முறை மூச்சு வாங்க வேண்டியிருந்தது.

மாடத்தி அன்று அவர்களிடம் பதில் சொல்லவில்லை. ஹேமந்திடம், இதை நான் எடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு ஜாஸ்மின் வீட்டுக்குப் போனாள். ஜாஸ்மின் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து மாடத்தியும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டாள்.

"டிபன் வண்டில லைட்டு நின்னா இருட்டு. அம்புட்டோட போச்சு. இது நின்னா அந்தம்மாவுக்கு மூச்சு நின்னுரும்க்கா. வீட்டக் கொளுத்துனவ நான். என்னய நம்பி எப்படி?"

"அத்த நீ இன்னும் வுடலியா?"

"நீங்க பெரிய மனசு பண்ணி விட்டுட்டீங்க. நான் எப்படிக்கா விடுவேன்?"

ஜாஸ்மின் கீரையைக் கீழே வைத்தாள். "பெரிய மனசா? யாருக்கு, எனக்கா?" சிரிக்க ஆரம்பித்தவள் நிறுத்தவே இல்லை. "அன்னிக்கு எனக்கு வவுறு எரிஞ்சிது, தெரியுமா? அந்தப் பொடவைய ஒரு தபா கூட ஒடம்புல சுத்திப் பாக்கல. பின்னால போயி நின்னுகினு உன்ன வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவரு வந்து, எல்லாத்தையும் கயட்டி ரோட்ல போடறேன்னாரு. நான்தான் வேணாம்னேன். எதுக்குனு சொல்லட்டா?"

"எதுக்குக்கா?"

"ஃபேனு. ஒரு மாசம் ஃபேன் காத்துல தூங்கிட்டேன். அது இல்லாம இனிமே எப்டிடி தூங்குறது? நீ பூட்டா வேற யாரு வந்து அந்த ஃபேன ஓட்டுவா? அதான் உன்ன நிறுத்தினேன். இன்னாத்த பெரிய மனசு!"

மாடத்திக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு சிரிப்பு வந்தது. இருவரும் கீரையைப் போட்டுவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார்கள். ஷாரோன் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள். அத்தனை காலமாக மாடத்தி அந்த நன்றியைத் தலையில் பாரம்போலத் தூக்கிக்கொண்டு திரிந்திருக்கிறாள். தன்னால் ஒருபோதும் ஈடு செய்ய முடியாத பெருந்தன்மை என்று நினைத்திருந்தாள். இந்த வீட்டுக்கும் தன் தேவை இருந்தது என்று தெரிந்ததும் பாரம் இறங்கிவிட்டது. நன்றி மட்டும் அப்படியே இருந்தது.

சிரிப்பு அடங்கியதும் ஜாஸ்மின் சொன்னாள். "இன்னொண்ணும் கீது. ஒயர்மேல கைய வச்சிக்கினு உக்காந்திருந்த பாரு, அன்னிக்குத்தான் எனக்கு பயம் பூட்ச்சி. நான் அந்தம்மாவா இருந்தா உன்கிட்டதான் குடுப்பேன்."

மறுநாள் மாடத்தி தாம்பரத்துக்குப் போன் செய்தாள். செய்கிறேன், ஆனால் உங்கள் டாக்டரிடம் நான் பேச வேண்டும் என்றாள். டாக்டர் பேசினார். எவ்வளவு நேரம் இயந்திரம் நின்றால் ஆபத்து என்று சொன்னார். எந்த ஏற்பாடு செய்தாலும் நிறைந்த சிலிண்டர் ஒன்று கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும் என்றும் கட்டாயமாகச் சொன்னார்.

வேன் ஷெட்டில் இருந்த மாதங்களில் சங்கரநாராயணன் அடிக்கடி வருவார். ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு மாடத்தி வேலை செய்வதைப் பார்ப்பார்; கேட்டால் மட்டும் பேசுவார். "ரயில்வேல எங்களுக்குச் சொல்லித் தந்தது இதும்மா. கெடாதுன்னு நம்பி எதையும் கட்டக் கூடாது. கெட்டா என்ன ஆகும்னு நினைச்சுக்கிட்டுக் கட்டணும்." அது மாடத்தியின் மனதில் அப்படியே பதிந்துவிட்டது. அதுவரை ஒரு பேட்டரி, ஒரு இன்வெர்ட்டர் என்று போட்டிருந்த திட்டத்தை அன்றே மாற்றினாள். ஒன்றை ஒன்று சாராத இரண்டு பேட்டரிகள், இரண்டு இன்வெர்ட்டர்கள். ஒன்று நின்றால் மணி அடிக்கும். கோமதியே படுத்தபடி கையை நீட்டி மற்றொன்றுக்கு மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச். சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்று கோமதியைக் கட்டிலில் படுக்கவைத்து, கண்ணை மூடிக்கொண்டு கையை நீட்டச் சொன்னாள். கை பட்ட இடத்தில் பென்சிலால் குறித்தாள். கூரையில் பேனல்கள். வண்டி ஓடும்போது இன்ஜினிலிருந்தும் சார்ஜ் ஏறும். எந்த வீட்டு வாசலிலாவது பிளக் கிடைத்தால் அதிலிருந்தும் ஏறும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமென்றே மேகம் மூடிய ஒரு நாளைத் தேர்ந்தெடுத்தாள். வல்லக்கோட்டை முருகன் கோயில் பக்கத்தில் வண்டியை நிறுத்தினார்கள். வேனில் கோமதி, சங்கரநாராயணன், மாடத்தி. இயந்திரம் காலையிலிருந்து ஓடியது. இன்ஜினைத் தொடக் கூடாது என்று மாடத்தி சொல்லியிருந்தாள். மழை தூறியது, நின்றது, மறுபடி தூறியது. கோமதி வார இதழைப் படித்தார். கோயிலுக்கு வருகிறவர்களை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தார். சங்கரநாராயணன் காபி போட்டார். மதியம் சாதமும் ரசமும் வைத்தார். மறுபடி காபி போட்டார்.

சாயங்காலத்துக்குள் பேட்டரிகள் இரண்டும் மாடத்தி நினைத்ததைவிட மிக வேகமாக இறங்கியிருந்தன. இப்படியே போனால் ராத்திரி தாண்டாது. ஒவ்வொரு இணைப்பாகத் தொட்டுப் பார்த்தாள். எதுவும் சூடாக இல்லை. கணக்கை மறுபடி போட்டாள். கணக்கும் சரிதான்.

"பிள்ள, ஒரு காபி குடிச்சிட்டுப் பாரேன். இவுக போடுதாக" என்றார் கோமதி.

சங்கரநாராயணன் மின்சார அடுப்பின் பட்டனை அழுத்தினார். திரையில் சார்ஜ் கண்ணெதிரே இறங்கியது. மாடத்தி அடுப்பையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"சார், இன்னைக்கு எத்தன காபி போட்டீங்க?"

அவர் சற்று யோசித்தார். "வேடிக்கை பார்க்கிறப்போ குடிக்க நல்லா இருந்ததும்மா..."

ஒரு நாளைக்கு இரண்டு வேளைச் சமையல் என்று மட்டும் மாடத்தி கணக்குப் போட்டிருந்தாள். மனிதர்கள் ஓரிடத்தில் சும்மா உட்கார்ந்தால் காபி குடிப்பார்கள் என்று அவள் நினைக்கவே இல்லை. கோமதி சிரிக்கப் போய் இருமலில் முடிந்தது. இருமல் நின்றதும், "என் மூச்ச இவுக காபியில குடிச்சிட்டாக" என்றார். சங்கரநாராயணனும் சிரித்தார், ஆனால் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு அன்று அப்புறம் காபி கேட்கவில்லை. ஆக்ஸிஜன் இருக்கிற வண்டிக்குள் நெருப்பு கூடாது. ஆகவே அடுப்பை வண்டிக்கு வெளியே, பின்கதவிலிருந்து தள்ளி வைக்கிற மாதிரி சின்ன கேஸ் அடுப்பாக மாற்றினார்கள். அடுத்த வாரமும் மேகம் இருந்தது. அதே இடத்தில் மறுபடி நிறுத்தினார்கள். இரவு முழுக்க ஓடி, மறுநாள் காலையிலும் பாதிக்கு மேல் சார்ஜ் மிச்சம் இருந்தது.

தை மாதம் அவர்கள் கிளம்பினார்கள். கிளம்புமுன் கோமதி மாடத்தியின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார். முதல் சில நாட்கள் மாடத்தி எந்த வேலையிலும் ஒட்டவில்லை. போன் அடித்தாலே டூல்ஸைப் போட்டுவிட்டு ஓடுவாள். சங்கரநாராயணன் தினமும் காலையில் 'எல்லாம் நலம்' என்று ஒரு செய்தி அனுப்புவார். அது வந்த பிறகுதான் அவள் டீ குடிப்பாள்.

மூன்றாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஜாஸ்மின் வீட்டில் சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்திருந்தபோது வீடியோ அழைப்பு வந்தது. கோமதி. பின்னால் அகலமான ஆறு, தண்ணீரில் எருமைகள், கரையில் ஒருவர் லாரி கழுவிக்கொண்டிருந்தார்.

"எந்த ஊரும்மா அது?"

"தெரியலையே பிள்ள. போர்டு எங்கயோ பின்னால போயிருச்சாம். நல்லா இருந்துச்சு, நின்னோம். நேத்துல இருந்து இங்கதான் இருக்கோம்."

பேச்சுக்கு நடுவில் அந்த இயந்திரத்தின் சீரான இரைச்சல் கேட்டது. மாடத்தி சற்று நேரம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். கண் கலங்கியது. சோற்றுக் கையால் துடைக்க முடியாமல் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"யாருடி, அந்தம்மாவா? இங்க குடு." ஜாஸ்மின் போனைப் பிடுங்கிக்கொண்டாள். "அம்மா, நான் ஜாஸ்மின். சாப்ட்டீங்களா? இன்னா கொழம்பு?"

"நீதான் ஜாஸ்மினா? இவ வாய் ஓயாம ஒன்னயத்தான் சொல்லுவா. இன்னைக்கு ஆத்து மீன் கெடச்சுதும்மா. புளி கொஞ்சம் கூடிப் போச்சு."

"அத்துக்கு இன்னா, கொஞ்சூண்டு தேங்கா அரச்சி வுடுங்க. சரியாப் பூடும்."

"தேங்காய்க்கு எங்க போவ? கருப்பட்டி கொஞ்சம் கெடக்கு, போடலாமா?"

"மீன் கொழம்புலயா! அய்யய்யோ!"

மாடத்தி தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். அவள் திரும்பி வந்தபோதும் அவர்கள் முடிக்கவில்லை. ஜாஸ்மின் போனை உப்பு ஜாடியில் சாய்த்து வைத்துவிட்டு, வறுப்பதற்கு மீனை எப்படிக் கீற வேண்டும் என்று கத்தியை எடுத்துக் காட்டிக்கொண்டிருந்தாள். சாம்சனும் எட்டி முகத்தைக் காட்டி, "ஸ்தோத்திரம்மா" என்றார். அந்தப் பக்கத்திலிருந்து சங்கரநாராயணன் வணக்கம் சொன்னார். தன்னை யாரும் கூப்பிடாததில் மாடத்திக்குச் சந்தோஷமாக இருந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு அவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.